கை கால் இழந்த நால்வரின் கன்னியாகுமரி சைக்கிள் பயணம்: கிருஷ்ணகிரி முதல் தொப்பூர் வரை யோசனை சொல்லுங்கள்

சூளகிரி_சைக்கிள் எழுதியது:

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து கன்னியாகுமரிக்கு நான்கு பேர் சைக்கிளில் கிளம்புகிறார்கள். இரண்டு பேருக்கு முட்டிக்குக் கீழே கால் இல்லை. ஒருவருக்கு முட்டிக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். நான்காவது ஆளுக்கு வலது கை முழங்கையோடு போய்விட்டது. காரணம் கேட்டால் சர்க்கரை, கிரானைட் குவாரி, மேலுமலை இறக்கத்தில் பைக் விபத்து, கரும்பு ஆட்டும் இயந்திரம். கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் கை கால் போகிற வழிகள் பெரும்பாலும் இவைதான்.

மொத்தத் தூரம் 600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாளைக்கு 50, 60 என்று மெதுவாகப் போகிறார்கள். வழியில் உள்ள அரசு மருத்துவமனைகளில், கை கால் எடுத்துப் படுத்திருக்கிற நோயாளிகளைப் பார்த்துப் பேசுவதுதான் நோக்கம். தொப்பூர் இறங்கும் வரை கூடப் போகும் பொறுப்பை எங்கள் சைக்கிள் கூட்டத்திடம் விட்டிருக்கிறார்கள்.

நேற்று நிகழ்ச்சி நிரல் வந்தது. கிளம்பும் இடத்தில் மேடை, கொடியசைப்பு, பொன்னாடை, வரவேற்புரை என்று ஒன்றரை மணி நேரம். தருமபுரி மருத்துவமனையில் இருபது நிமிடம், அதிலும் பாதி புகைப்படம். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. மேடையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஊக்கம் எதற்கு? வார்டில் ஒரு மணி நேரமாவது வேண்டும், மாலையும் மைக்கும் வேண்டாம் என்பது என் கட்சி.

இரண்டு கேள்வி. ஒன்று, தொப்பூர் கணவாயை எப்படிக் கடப்பது? இரண்டு, வார்டுக்குள் போய் என்ன பேசுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


தொப்பூர்_லாரி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில். தொப்பூரில் சைக்கிள் ஓட்டாதீர்கள். முடிந்தது.

சரி, விவரமாகவே சொல்கிறேன். பாளையம் டோல் தாண்டினால் இறக்கம் ஆரம்பிக்கும். வடக்கே இருந்து லோடு ஏற்றி வருகிற டிரைவருக்கு அது புது ரோடு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவான். இரட்டைப் பாலம் வருவதற்குள் பிரேக் சூடேறி, மிதித்தால் பிடிக்காது. முன்னால் போகிற நாலு வண்டியை வாரிக்கொண்டுதான் நிற்கும். எத்தனை முறை நம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ரெண்டு காலும் உள்ளவனே அங்கே ஓரமாக ஒதுங்க இடம் தேடுவான்.


ஓசூர்_நைட்ஷிஃப்ட் எழுதியது:

லாரி அண்ணன் சொல்வது சரிதான். சைக்கிள் பக்கத்திலிருந்து இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன். ஓசூரிலிருந்து தெற்கே வருகிறவர்களுக்கு மேலுமலை, தொப்பூர் இரண்டுமே இறக்கம். மிதிக்கிற சிரமம் இல்லை, பிரேக் பிடிக்கிற சிரமம்தான். கை இல்லாதவர் எப்படிப் பிரேக் பிடிக்கிறார்? இடது பக்கம் ஒரே லிவரில் இரண்டு கேபிளையும் சேர்த்துக் கொடுக்கிற ஏற்பாடு உண்டு, அதைப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். போட்டிருந்தாலும் நீண்ட இறக்கத்தில் ஒரே கை விரல் மரத்துப்போகும்.

இன்னொன்று. முட்டிக்குக் கீழே இல்லாத இருவரில் யாருக்காவது இடது கால் செயற்கையா? அப்படியானால் அவரைப் பின்னால் வருகிற ஆள் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் எல்லாரும் சாலையின் இடது ஓரத்தில் நிறுத்தி இடது காலை ஊன்றுவோம். அவரால் முடியாது. நல்ல கால் வலது. ஆகவே நிற்கும்போதெல்லாம் வண்டி வருகிற பக்கம் சாய்ந்துதான் ஊன்றுவார். பின்னால் வருகிற பஸ்காரனுக்கு இது தெரியாது.


சூளகிரி_சைக்கிள் எழுதியது:

ஆமாம் நண்பா, குவாரிக்காரருக்கு இடது கால்தான். இதை யாருமே யோசிக்கவில்லை. அவர் பின்னால் ஓர் ஆளைப் போட்டுவிடுகிறேன். கை போனவருக்கு ஒரே லிவர்தான், பார்த்தேன்.

மேலுமலை பிரச்சினை இல்லை, கிருஷ்ணகிரியில்தான் கிளம்புகிறோம். தொப்பூரை விட்டுவிட்டு அரூர் போய் மஞ்சவாடி கணவாய் வழியாகச் சேலம் இறங்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். தூரம் கூடும், ஒரு நாள் தள்ளும். இன்னொரு யோசனை, டோலுக்குப் பக்கத்தில் சைக்கிளை வேனில் ஏற்றி, கணவாய்க்குக் கீழே இறக்கிவிடுவது. நால்வரில் இரண்டு பேர் இதற்கு ஒப்பவில்லை. “மிதித்தே போனோம் என்று சொல்ல முடியாதே” என்கிறார்கள்.


மாங்கூழ் எழுதியது:

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இந்தப் பயணமே புரியவில்லை. கால் போனவன் ஒருவன் கன்னியாகுமரி போனால், வார்டில் படுத்திருக்கிற கூலிக்காரனுக்கு என்ன லாபம்? அவன் வீட்டில் அடுத்த மாத அரிசிக்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருப்பான். எங்கள் ஃபாக்டரியில் ஒருவருக்குக் கால் போனது. அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் “மனசு வைத்தால் எல்லாம் முடியும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மனசு வைத்தும் முடியவில்லை என்றால் அது அவன் குற்றம் என்று ஆகிவிடுகிறது இல்லையா? சாதித்தவனைக் காட்டி சாதிக்காதவனைத் திட்டுகிற வேலையாக இது முடியக்கூடாது.


பென்னாகரம்_வாத்தியார் எழுதியது:

மாங்கூழ் தம்பி, கேள்வி நியாயம். ஆனால் உடம்பு முடியாதவர் ஊர் ஊராகப் போவது நம் மண்ணுக்குப் புதிதில்லை. சுப்பிரமணிய சிவா சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டான். நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடைசியில் 1925 ஜூலை 23இல் நம் பாப்பாரப்பட்டியில்தான் உயிர் விட்டார். யாரையும் பார்த்து “என்னைப் போல் இரு” என்று சொல்வதற்காக அவர் நடக்கவில்லை. தனக்கு ஒரு வேலை இருந்தது, போனார்.

வெளிநாட்டு உதாரணம் கேட்டால் கனடாவின் டெரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை எடுத்தார்கள். 1980இல் செயற்கைக் காலோடு நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடக் கிளம்பினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். அதற்கு மேல் முடியவில்லை, நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. அடுத்த ஆண்டு இறந்துபோனார். மறு கோடியை அவர் தொடவே இல்லை. இன்றும் உலகம் முழுக்க அவர் பெயரில் ஓடிப் புற்றுநோய் ஆய்வுக்குப் பணம் திரட்டுகிறார்கள். வேனில் ஏற மாட்டேன் என்கிற அந்த இரண்டு பேருக்கு இதைச் சொல்லுங்கள். தொப்பூர் பன்னிரண்டு கிலோமீட்டரோ என்னவோ, அதை மிதிக்காமல் விட்டதால் யாருடைய கணக்கும் குறையாது.


ஜெய்ப்பூர்க்கால் எழுதியது:

இந்த இழையை மகன்தான் அனுப்பினான். நான் பாலக்கோடு தக்காளி மண்டியில் கமிஷன் பார்க்கிறவன். வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. சைக்கிள் எல்லாம் எனக்கு வராது, டிவிஎஸ் எக்ஸெல்தான். இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து கிடந்தபோது எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வெளிக்கு எப்படிப் போவது? எங்கள் வீட்டில் குந்துகிற கக்கூஸ். ஒற்றைக் காலில் எப்படிக் குந்துவது, எதைப் பிடித்து எழுவது? டாக்டரிடம் கேட்க வெட்கம். மனைவியிடம் கேட்டால் அழுகிறாள். வந்தவர்கள் எல்லாம் தைரியமாக இரு என்றார்கள். தைரியம் இருந்தது ஐயா, கக்கூஸ்தான் இல்லை.

பக்கத்துக் கட்டிலுக்கு உறவினரைப் பார்க்க ஒரு பெரியவர் வந்தார். அவருக்கும் கால் இல்லை. அவரே என் கட்டிலில் உட்கார்ந்து வேட்டியை ஒதுக்கி, காலைக் கழற்றிக் கையில் கொடுத்தார். “இந்தா பிடி, எவ்வளவு கனம் பார்” என்றார். அப்புறம்தான் எனக்கு வாய் வந்தது. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு இரும்புக் கம்பி, கட்டில் பக்கத்தில் எப்போதும் ஊன்றுகோல், இவ்வளவுதான் என்றார். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கால் இருக்கிற நினைப்பில் இறங்கி விழுவாய், அதனால் ஊன்றுகோலைக் கை பட்டால் தட்டுகிற மாதிரி வை என்றும் சொன்னார். சொன்ன மாதிரியே விழுந்தேன், அது வேறு கதை.

உங்கள் ஆட்கள் வார்டுக்குப் போனால் கன்னியாகுமரியைப் பற்றிப் பேச வேண்டாம். காலைக் கழற்றிக் கையில் கொடுக்கட்டும். மீதியை நோயாளி கேட்பார்.


மாங்கூழ் எழுதியது:

இதை நான் ஒப்புக்கொள்கிறேன். இப்படிச் செய்தால் எனக்கு மறுப்பில்லை.


பிசியோ_அக்கா எழுதியது:

பாலக்கோடு ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் தருமபுரிப் பக்கம் பிசியோதெரபிஸ்ட். என் பங்குக்குச் சிலது.

வார்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது தலையணையை. முட்டிக்குக் கீழே எடுத்த நோயாளிக்கு வலி குறையட்டும் என்று வீட்டுக்காரர்கள் பாசத்தில் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். நீட்ட வராத முட்டிக்குச் செயற்கைக் கால் பொருத்துவது பெரும்பாடு. தொடையோடு எடுத்தவர்களுக்கு இடுப்பு மடங்கி இறுகும், அதற்குத் தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வேண்டும். நான் சொன்னால் “சரிங்க மேடம்” என்பார்கள், நான் போனதும் தலையணை திரும்பி வந்துவிடும். கால் இல்லாமல் சைக்கிளில் வந்த ஓர் ஆள் சொன்னால் கேட்பார்கள். அதற்காகவே இவர்கள் வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, இல்லாத காலில் வலி. வெட்டிய காலின் கட்டைவிரல் அரிக்கிறது, பாதம் முறுக்குகிறது என்பார்கள். நிறையப் பேர் வெளியே சொல்ல மாட்டார்கள், பைத்தியம் என்று நினைப்பார்களோ என்ற பயம். சிலர் பேய் பிசாசு என்று மந்திரிக்கப் போவதும் உண்டு. மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியேதான் இருக்கிறது, வலி நிஜம். சென்னை ஸ்டான்லியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் என்கிற நரம்பியல் அறிஞர் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடி வைத்தே வழி காட்டினார். நல்ல காலுக்குப் பக்கத்தில் கண்ணாடியை நிறுத்தி, அதில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே காலை அசைக்க வேண்டும். மூளை இரண்டு காலும் அசைவதாக எடுத்துக்கொள்ளும். எல்லாருக்கும் கேட்காது, சிலருக்கு நன்றாகக் கேட்கும். ஆள் உயரக் கண்ணாடி ஒன்று போதும், வேறு செலவில்லை. நால்வரில் யாருக்காவது அந்த வலி வந்திருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. சர்க்கரையால் கால் போனவர் எந்தக் காலைக் காட்ட வேண்டும் தெரியுமா? இருக்கிற காலை. ஒரு கால் போன சர்க்கரை நோயாளிக்கு அடுத்த காலும் ஆபத்தில்தான் இருக்கிறது. உணர்ச்சி செத்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது, எலி கடித்தாலும் தெரியாது. நம் ஊரில் கோடையில் கோயிலைச் சுற்றிக் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நடந்து கொப்பளம் போட்டு வருகிறவர்கள் ஏராளம். தீமிதி பற்றிச் சொல்லவே வேண்டாம். தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது, விரல் இடுக்கைத் துடைப்பது, எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுவது, இதை அவர் தன் காலிலேயே செய்து காட்டினால் அந்த வார்டில் ஒன்றிரண்டு கால் மிஞ்சும்.


காவேரிப்பட்டணம்_நிப்பட் எழுதியது:

இவ்வளவு சீரியஸான இழையில் சாப்பாட்டைப் பற்றி எழுதலாமா தெரியவில்லை. காவேரிப்பட்டணம் பைபாஸில் காலை எட்டு மணிக்கு இட்லி என் பொறுப்பு. நிப்பட்டும் (தட்டை மாதிரி) கட்டித் தருகிறேன். சர்க்கரைக்காரருக்குப் பால்கோவா கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன். கால் கழற்றி உட்கார நிழலும் நாற்காலியும் உள்ள கடையாகப் பார்த்து வைக்கிறேன்.


ஓசூர்_நைட்ஷிஃப்ட் எழுதியது:

நிப்பட் அண்ணன் முக்கியமான விஷயத்தைத் தொட்டுவிட்டார். கழற்றி உட்கார இடம் வேண்டும். போன மாதம் ஒத்திகைக்கு இவர்கள் காரிமங்கலம் வரை வந்தபோது நானும் போயிருந்தேன். டீக்கடையில் குவாரிக்காரர் பக்கவாட்டில் இருந்த பட்டனை அமுக்கி, காலை உருவினார். உள்ளே தொடையோடு ஒட்டியிருந்த சிலிகோன் லைனரை, அதாவது உறையை, மேலிருந்து சுருட்டிக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். வியர்வை தண்ணீராக ஊற்றியது. துண்டால் லைனரைத் துடைத்தார், மீதிக் காலைத் துடைத்தார், கொஞ்ச நேரம் காற்றாட விட்டார். சிவந்த இடம் இருக்கிறதா என்று செல்ஃபோன் கேமராவை வைத்துப் பின்பக்கம் பார்த்தார். அப்புறம் லைனரை உள்ளிருந்து வெளியாக மடித்து, காற்று புகாமல் ஏற்றி, சாக்கெட்டுக்குள் (மீதிக் கால் உட்காருகிற கூடு) இறக்கினார். அடியில் உள்ள ஊசி டக் டக் என்று பூட்டில் மாட்டுகிற சத்தம் கேட்டது. கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்தே ஆக வேண்டும் என்றார். செய்யாவிட்டால் ஈரத்தில் தோல் உரியும். புண் வந்தால் கால் போட முடியாது, வாரக்கணக்கில் ஊன்றுகோல்தான். ஆகவே நிரலில் ஓய்வு நேரத்தை எவரும் வெட்டிவிட வேண்டாம்.

சைக்கிளில் என்ன மாற்றம் என்று முன்பு ஒருவர் தனி மடலில் கேட்டிருந்தார். செயற்கைப் பாதத்துக்குக் கணுக்கால் அசைவு இல்லை. அதனால் விரல் பக்கம் அல்ல, பாதத்தின் நடுப்பகுதி பெடல் மேல் வருகிற மாதிரி வைக்கிறார்கள். அந்தப் பக்கம் கிராங்கின் (பெடல் மாட்டியிருக்கிற தண்டு) நீளத்தைக் குறைத்தால் முட்டி அதிகம் மடங்காது, சாக்கெட்டின் பின் விளிம்பு தொடையில் குத்தாது. தொடையோடு எடுத்தவர் வேறு மாதிரி. அவர் செயற்கைக் காலை வேனில் போட்டுவிட்டு ஒற்றைக் காலிலேயே மிதிக்கிறார். ஷூ பெடலோடு பூட்டிக்கொள்ளும், அமுக்குவதும் அதே கால், இழுப்பதும் அதே கால். ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது கடினம், யாராவது சீட்டைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும். பாரா சைக்கிள் போட்டியில் முட்டிக்குக் கீழே இழந்தவர்களுக்கு சி4, இப்படி ஒற்றைக் காலில் மிதிப்பவர்களுக்கு சி2 என்று பிரிவே தனி. ஹைதராபாத் ஆதித்ய மேத்தா அந்த சி2தான். 2013 ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி வாங்கியவர். 2020இல் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரு குழுவையே நடத்திச் சென்றார்.


கரும்புக்காடு எழுதியது:

இந்தத் தளத்துக்குப் புதியவள். அப்பா இப்போது வார்டில்தான் இருக்கிறார். எந்த மருத்துவமனை என்று எழுத விருப்பமில்லை. சர்க்கரைப் புண், இடது கால், முட்டிக்குக் கீழே. அக்கா எழுதியதைப் படித்ததும் போய்த் தலையணையை எடுத்துவிட்டேன். அப்பா திட்டினார்.

எங்களிடம் யாரும் எதுவும் விளக்கவில்லை. கையெழுத்து வாங்கினார்கள், எடுத்தார்கள், அவ்வளவுதான். செயற்கைக் கால் எப்போது வைப்பார்கள், எங்கே போய்க் கேட்பது, எவ்வளவு ஆகும்?


பிசியோ_அக்கா எழுதியது:

தங்கச்சி, அப்பாவின் திட்டை வாங்கிக்கொள், தலையணையை மட்டும் திருப்பி வைக்காதே.

தையல் பிரித்து, புண் நன்றாக ஆறி, வீக்கம் வடிய வேண்டும். சாதாரணமாக ஒன்றரை இரண்டு மாதம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடவும் ஆகலாம். அதுவரை மீதிக் காலை எட்டுப் போடுகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கிரேப் பேண்டேஜ் சுற்ற வேண்டும், நுனியில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. அடுத்த முறை உங்கள் பிசியோ வரும்போது அவர் கையால் சுற்றுவதை ஃபோனில் வீடியோ எடுத்துக்கொள்.

பணத்துக்குப் பயப்படாதே. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே இலவசமாகச் செயற்கைக் கால் பெற விண்ணப்பிக்கலாம். முதலில் மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்க வேண்டும், பஸ் பாஸ் முதல் உதவித்தொகை வரை எல்லாவற்றுக்கும் அதுதான் கேட்பார்கள். இழுத்தடித்தால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடு. வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்றே மறுவாழ்வுப் பிரிவு உண்டு. 1966இல் அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர்.

சர்க்கரை மாத்திரைக்கு அலைய வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டுக்கே கொண்டுவருவார், ஊர் நர்ஸிடம் பெயரைப் பதிந்து வை. அந்தத் திட்டமே 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது.


ஜெய்ப்பூர்க்கால் எழுதியது:

பாப்பா, அப்பாவுக்கு விவசாயமா? வயலில் இறங்குகிறவர் என்றால் ஜெய்ப்பூர் பாதம் நல்லது. 1968இல் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மா என்கிற சிற்பக் கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் சேர்ந்து செய்தது. ரப்பர் பாதம், வெறுங்காலோடு சேற்றில் நடக்கலாம், சம்மணம் போடலாம், குந்தலாம். வெளிநாட்டுக் கால் பளபளவென்று இருக்கும், ஷூ இல்லாமல் வயலில் இறக்கினால் தாங்காது.

இலவச முகாமில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வருடத்தில் மீதிக் கால் சுருங்கிக்கொண்டே போகும். கொடுத்த சாக்கெட் லூசாகிவிடும். மறுபடி அளவெடுத்து மாற்ற வேண்டும் என்று முகாமில் பல சமயம் சொல்வதில்லை. ஆடுகிற காலைப் போட்டு நடந்து, வலித்து, வெறுத்து, பரணில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் பரண் மேல் இருக்கிற கால்களை இறக்கினால் ஒரு முகாமே நடத்தலாம்.


நெறியாளர்:

அரசு அலுவலகங்கள் பற்றிய பொதுப் புலம்பல்களை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பயணத்தையும் நோயாளிகளையும் பற்றி மட்டும்.


சூளகிரி_சைக்கிள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நால்வரையும் உட்கார வைத்து இந்த இழையை அப்படியே வாசித்துக் காட்டினேன். முடிவானவை இவை.

மேடை பத்து நிமிடம். பொன்னாடைக்குப் பதில் கிரேப் பேண்டேஜ் ரோல்கள் வாங்கித் தரச் சொல்லிவிட்டோம், ஒப்புக்கொண்டார்கள் (ஒருவர் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டார், போகட்டும்). தருமபுரியில் மாலை பார்வையாளர் நேரம் முழுக்க வார்டில். கேமரா வெளியே. கட்டிலுக்கு ஒருவர் என்று உட்காருவார்கள், கும்பலாக நிற்க மாட்டார்கள்.

தொப்பூருக்கு வேன். டெரி ஃபாக்ஸ் கதை இரண்டு பேரில் ஒருவரை அசைத்துவிட்டது. மற்றவர், அதாவது ஒற்றைக் காலில் மிதிப்பவர், கடைசி வரை முறைத்துக்கொண்டிருந்தார். வீட்டம்மா ஃபோனில் நாலு வார்த்தை சொன்னதும் சரி என்றார். கீழே இறங்கியதும் தீவட்டிப்பட்டிப் பக்கம் மறுபடி மிதிக்க ஆரம்பிப்பார்கள். அங்கே பக்கத்தில்தான் பெரியவடகம்பட்டி, நம் மாரியப்பன் தங்கவேலுவின் ஊர். பாராலிம்பிக்கில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று உயரம் தாண்டிக் கொண்டுவந்தவர். அந்த ஊர்ப் பையன்கள் சைக்கிளில் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.


தொப்பூர்_லாரி எழுதியது:

வேன் நல்ல முடிவு. அன்றைக்கு எனக்குச் சேலம் லோடு. டோல் தாண்டி வேனுக்குப் பின்னால் ஹசார்டு லைட் போட்டுக்கொண்டு இரண்டாவது கியரில் வருகிறேன். பின்னால் ஹாரன் அடிக்கிறவன் அடித்துக்கொள்ளட்டும்.


கரும்புக்காடு எழுதியது:

பயணம் முடிந்து வாரங்கள் ஆகிவிட்டன, இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது. அவர்கள் வந்த அன்று அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சர்க்கரைக்காரர் அண்ணா வந்து உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. செயற்கைக் காலைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு, இருக்கிற காலை மடியில் தூக்கிப் போட்டு, பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து உள்ளங்காலைப் பார்க்க ஆரம்பித்தார். விரல் இடுக்கில் எல்லாம் துணி விட்டுத் துடைத்தார். அப்பாவுக்கு என்னதான் நடக்கிறது என்று திரும்பிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

அப்புறம் அப்பா கேட்ட முதல் கேள்வி, பாலக்கோடு ஐயா எழுதிய அதே கேள்விதான். நான் இருக்கிறேன் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அந்த அண்ணா சத்தமாகவே பதில் சொன்னார், எதிர்க் கட்டில்காரரும் எழுந்து உட்கார்ந்து கேட்டார். இரண்டாவது கேள்வி, ஏர் பிடிக்க முடியுமா என்பது. “மாட்டு ஏர் கஷ்டம், டிராக்டர் ஓட்டலாம், களை எடுக்க முக்காலி போட்டு உட்காரலாம்” என்றார். முடியாததை முடியும் என்று சொல்லாதது அப்பாவுக்குப் பிடித்திருந்தது. கன்னியாகுமரி போகிறார்கள் என்பதை நான்தான் பிறகு சொன்னேன். “வெயிலில் எதற்கு இந்த வேலை?” என்றார்.

எல்லாரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்பாவுக்குப் புண் ஆறி அளவெடுத்து, கால் வந்துவிட்டது. வீட்டு வாசல் வரை நடக்கிறார். இப்போதே கொஞ்சம் லூசாக இருக்கிறது என்கிறார். சாக்ஸ் இரண்டு போட்டிருக்கிறோம். மூன்றாவது போடலாமா?


ஜெய்ப்பூர்க்கால் எழுதியது:

போடலாம் பாப்பா. காலையில் ஒன்று குறைவாகவும் சாயங்காலம் ஒன்று கூடவும் தேவைப்படும், அது வழக்கம்தான். ஆனால் காலையிலேயே மூணு நாலு போட்டும் உள்ளே ஆடினால் சாக்கெட்டை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். துணி, பஞ்சு எதுவும் உள்ளே திணிக்க வேண்டாம், சர்க்கரை உடம்புக்கு அது புண்ணில் கொண்டுபோய் விடும். எங்கே கொடுத்தார்களோ அங்கேயே போங்கள், கொடுத்த சீட்டு இருக்கிறதா?


கரும்புக்காடு எழுதியது:

இருக்கிறது ஐயா. திங்கட்கிழமை போகிறோம்.